நார்க்கழிவுக் கட்டை அடுக்க ரோபோ கை வாங்கலாமா? ஈத்தாமொழிப் பக்கம் சின்ன யூனிட்

ஈத்தாமொழி_தும்பு

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழிப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தும்பு ஆலை இருக்கிறது. அப்பா காலத்தில் கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, அடித்துத் தும்பு எடுத்து, கயிறு திரிப்பவர்களுக்குக் கொடுத்ததோடு சரி. மிச்சம் விழும் தூளை ஆலைக்குப் பின்னால் மலை மாதிரி குவித்து வைத்திருந்தோம். மழை பெய்தால் அது ஊறிச் சிவப்புத் தண்ணீராக அடுத்த விளைக்குள் ஓடும், அந்த விளைக்காரரிடம் ஏச்சு வாங்குவோம். இப்போது அந்தத் தூள்தான் சோறு போடுகிறது. உப்புப் போகக் கழுவி, உலர்த்தி, 5 கிலோ கட்டையாக அழுத்தி, தூத்துக்குடி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்.

மூன்று பிரஸ் ஓடுகின்றன. மூன்றும் சேர்ந்து நிமிடத்துக்கு 4 கட்டை. ஒரு கட்டை 30க்கு 30 செ.மீ., உயரம் 12. கட்டையை அடுக்கும் மரத்தட்டு, அதாவது பேலட், 120க்கு 100. ஓர் அடுக்குக்கு 12 கட்டை வீதம் 18 அடுக்கு. ஆக ஒரு பேலட்டில் 216 கட்டை, 1,080 கிலோ. 40 அடிக் கண்டெய்னருக்கு 20 பேலட்.

அடுக்குவது மூன்று அக்காமாரும் ஒரு ஒடிசாப் பையனும். பையன் பண்டிகைக்கு ஊருக்குப் போனவன் இன்னும் வரவில்லை. மூத்த அக்காவுக்கு இடுப்பு வலி, வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. இந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனிக்காரர் வந்து ரோபோ கை போடச் சொல்கிறார். எல்லாம் சேர்த்து 38 லட்சமாம். வேலியே வேண்டாம், பக்கத்தில் ஆள் நின்றாலும் ஒன்றும் ஆகாது என்கிறார். அட்டைப்பெட்டி அடுக்கும் வீடியோ ஒன்று காட்டினார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. நேரில் பார்த்தவர்கள், ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

துபாய்_கருங்கல்

ஜெபல் அலியில் எங்கள் கிடங்கில் இரண்டு கை நிற்கிறது மக்கா. தண்ணீர் பாட்டில் கட்டு அடுக்குவதுதான் அதற்கு வேலை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. லீவு கேட்காது, டீ கேட்காது.

ஒரகடம்_தக்கலைக்காரன்

அண்ணே, பதினொரு வருடமாக ரோபோ பழுது பார்க்கிறவனிடம் இதைச் சொல்லாதீர்கள். அது லீவு கேட்காதுதான். கேட்காமலே எடுத்துக்கொள்ளும். அதுவும் கண்டெய்னர் வாசலில் வந்து நிற்கும் நாளாகப் பார்த்து.

தும்பு தம்பிக்கு: நான் தக்கலைக்காரன், வேலை ஒரகடம் பக்கம் கார் உதிரிபாக ஆலையில். கொட்டேஷனை இங்கே போட வேண்டாம், ஆனால் அதில் எந்தக் கை, எவ்வளவு தூக்கும், எவ்வளவு எட்டும் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வேலி வேண்டாம் என்று சொன்னதை வைத்துப் பார்த்தால் ஆளோடு சேர்ந்து வேலை செய்கிற ரகம், கோபாட் என்பார்கள். அந்த ரகத்தில் நிறையப் பேர் வாங்குவது டென்மார்க் கம்பெனியின் யூஆர்10இ. அது 12.5 கிலோ தூக்கும், 1,300 மி.மீ. எட்டும்.

கேட்க நன்றாக இருக்கும். அந்த 12.5 கிலோவில், பொருளைப் பிடிக்க நுனியில் மாட்டுகிற கிரிப்பரின் எடையும் சேர்த்தி. கிரிப்பர் 4 கிலோ என்றால் மிச்சம் 8.5. ஒரு கட்டை தூக்கும், இரண்டு தூக்காது. உயரத்தைக் கணக்குப் போடுங்கள். 18 அடுக்கு, அடுக்குக்கு 12 செ.மீ., அதுவே 2.16 மீட்டர். அடியில் பேலட் மரம் ஒரு 14 செ.மீ. மொத்தம் 2.3 மீட்டர். 1.3 மீட்டர் எட்டுகிற கையைத் தரையில் நட்டால் மேல் அடுக்கின் தூர மூலைக்கு அது போகவே போகாது. அதனால் இப்படிப்பட்ட இடத்தில் கையை ஏறி இறங்குகிற ஒரு தூணில் மாட்டுவார்கள். அந்தத் தூண் 38 லட்சத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

இன்னொன்று பிடிப்பு. அட்டைப்பெட்டியின் மேல்பக்கம் வழவழப்பு, ரப்பர்க் கிண்ணத்தை வைத்துக் காற்றை உறிஞ்சினால் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். உங்கள் கட்டை முழுக்கத் துளை. உறிஞ்ச உறிஞ்சக் காற்று கட்டைக்குள்ளிருந்தே வந்துகொண்டிருக்கும். கூடவே தூளும் வரும், ஒரு ஷிப்டில் வடிகட்டி அடைத்துவிடும். உங்களுக்கு இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் வேண்டும், இல்லையென்றால் ஊசி குத்தித் தூக்குகிற கிரிப்பர். விற்க வந்தவரிடம் ஒரு சாக்கு நிறைய உங்கள் கட்டையைக் கொடுத்தனுப்பி, அதையே தூக்கிக் காட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டி வீடியோ ஆயிரம் கிடக்கிறது.

ஈத்தாமொழி_தும்பு

அண்ணே, நீங்கள் சொன்ன அதே ரகம்தான். தூண் 'தேவைப்பட்டால் தனி' என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன்.

வேளிமலை

பணி ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் பழங்கதை. உலகத்தில் முதல் தொழிற்சாலை ரோபோ யூனிமேட். ஜார்ஜ் டெவால் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1961இல் கிடைத்தது. அதே 1961இல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில் அது வேலைக்குச் சேர்ந்தது. என்ன வேலை? அச்சு வார்ப்பு இயந்திரத்திலிருந்து கொதிக்கிற உலோகத் துண்டுகளை எடுத்து வெளியே வைப்பது. கை வெந்துபோகிற வேலை. எடுத்து வைக்கும் வேலையில்தான் ரோபோ பிறந்தது. பாகங்களை ஒன்றோடொன்று பொருத்துகிற அசெம்பிளி வேலைக்கு வந்தது பிறகு.

அசெம்பிளி ஏன் கஷ்டம் என்றால், ஓட்டைக்குள் முளையைச் செருகும்போது ஒரு முடி அளவு தள்ளிப் போனாலும் திணறி நின்றுவிடும். நம் கை தானாகவே கொஞ்சம் நெளிந்து கொடுத்து உள்ளே விடும். ஜப்பானில் யமனாஷி பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மகினோ 1978 வாக்கில் ஸ்காரா என்ற கையை வடிவமைத்தார். பக்கவாட்டில் இளகிக் கொடுக்கும், மேலிருந்து கீழே அழுத்தும்போது விறைப்பாக நிற்கும். சர்க்யூட் பலகையில் பாகம் செருகுவதற்கென்றே செய்தது போல இருக்கும் அதன் சுபாவம்.

இந்தியாவில் 2023இல் மட்டும் 8,510 தொழில் ரோபோக்கள் புதிதாக நிறுவப்பட்டன என்று சர்வதேச ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கு. தென்கொரியாவில் பத்தாயிரம் ஆலைத் தொழிலாளருக்கு ஆயிரத்துக்கு மேல் ரோபோ. நம் மாவட்டத்தில் எத்தனை என்று எண்ண ஒரு நாள் போதும் என்று நினைக்கிறேன்.

சும்மாடு

வேளிமலை சார், வெந்துபோகிற வேலைக்கு வந்தது சரி. அக்காமாருக்கு அங்கே என்ன வேகிறது?

நான் மார்த்தாண்டம் சந்தையில் இருபது வருடம் சாக்கு இறக்கியவன். இப்போது முட்டி போய்விட்டது, சின்னதாக ஒரு கடை. எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம் நோக்குக்கூலி என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆள் தொடாத சுமைக்கும், பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்துவிட்டது. நல்லதுதான், அது அநியாயம். ஆனால் அந்தக் கூலி ஏன் வந்தது என்றும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினும் வந்து நிற்கும்போது சுமட்டுக்காரன் பார்த்துக்கொண்டு மட்டும்தானே நிற்க முடிந்தது.

வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மூன்று அக்காமாருக்கு என்ன வேலை என்பதையும் அந்த 38 லட்சத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

துபாய்_கருங்கல்

அண்ணாச்சி, இப்படியே பேசிப் பேசித்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஃப்ளைட் ஏறுகிறோம். ஆலை நின்றால் மூன்று பேருக்கும் வேலை இல்லை, முப்பது பேருக்கும் வேலை இல்லை.

சும்மாடு

ஃப்ளைட் ஏறியவர் அங்கே போய் என்ன வேலை பார்க்கிறீர்? பெட்டி அடுக்குகிற மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர். அதற்குப் பெயர் என்ன வோய்?

துபாய்_கருங்கல்

😂 சரி, விட்டேன்.

அண்டியாபீஸ்_மகள்

எல்லாரும் ஆண்கள் பேசுகிறீர்கள் போல. அந்த அக்காமாரிடம் யாராவது கேட்டீர்களா?

என் அம்மா முப்பது வருடம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்கு, போனவள். கொட்டை உடைக்கும்போது தோட்டிலிருந்து வருகிற எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி எல்லாம் கறுத்துத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் இலையில் கை வைக்க அம்மா கூச்சப்படுவாள். உடைக்கிற மெஷின் வந்தபோது அம்மா அழவில்லை, நிம்மதி என்றுதான் சொன்னாள். தரம் பிரிக்கிற கலர் சார்ட்டர் வந்தபோதுதான் வீட்டில் சண்டை. காற்றை ஊதி ஊதிப் பருப்பைப் பிரிக்கிற மெஷின் அது, அம்மா உட்கார்ந்து செய்கிற ஒரே வேலையை எடுத்துக்கொண்டது. மெஷின் என்றால் எல்லாம் ஒன்றில்லை. எந்த வேலையை எடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான்.

இப்போது நான் ஒரு யூனிட்டில் பேக்கிங் மேற்பார்வை பார்க்கிறேன். எங்கள் பெட்டி 22.68 கிலோ, அதாவது 11.34 கிலோ பொதி இரண்டு. அதைத் தூக்குவதற்கு ஆண்கள். உங்கள் கட்டை 5 கிலோதானே என்று நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு 4 கட்டை என்றால் எட்டு மணி நேரத்தில் 1,920 கட்டை. 9,600 கிலோ. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 3 டன்னுக்கு மேல். அதில் கீழ் நான்கு அடுக்குக்குக் குனிய வேண்டும், மேல் ஆறு அடுக்குக்கு எக்க வேண்டும். நடுவில் இருக்கிற எட்டு அடுக்கு ஒன்றும் செய்யாது. ஸ்டூல் போட்டு ஏறுகிறார்களா அக்காமார்?

ஈத்தாமொழி_தும்பு

பழைய பேலட்டைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறுகிறார்கள். நீங்கள் கேட்டதற்கு அப்புறம் இன்று கேட்டேன். மூத்த அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'கீழ போடுறதும் மேல போடுறதும்தான் பிள்ளே இடுப்ப ஒடிக்குது. நடுவுல ஒண்ணும் தெரியாது. பாட்டுக் கேட்டுக்கிட்டே போடலாம்.'

நான் தினமும் அங்கேதான் நிற்கிறேன். இது வரை கேட்டதில்லை.

கோணம்_பாலிடெக்னிக்

அண்ணா, நான் மெக்கட்ரானிக்ஸ் படிக்கிறேன். என் லேப்டாப்பில் ரோபோ சிமுலேஷன் மென்பொருள் இருக்கிறது. உங்கள் அளவு வைத்து அடுக்குகிற புரோகிராம் எழுதிப் பார்க்கலாமா? ப்ராஜெக்டுக்கும் ஆகும். அப்புறம் ஒரகடம் அண்ணாவிடம் ஒரு கேள்வி, ரோபோ வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

ஒரகடம்_தக்கலைக்காரன்

படிக்க வேண்டியது ரோபோ இல்லை தம்பி. ரோபோவுக்குப் புள்ளி சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் போதும். முதலில் சென்சார் வயரிங், ரிலே, இயந்திரத்தை ஓட்டுகிற கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி, காற்று சிலிண்டர். எங்கள் லைனில் ரோபோ நின்றுவிட்டது என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் பத்துக்கு எட்டுத் தடவை கை நன்றாக இருக்கும். முன்னால் இருக்கிற சின்ன சென்சாரின் கண்ணாடியில் தூசி, அல்லது ஆடி ஆடி அறுந்த ஒரு வயர். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளைப் புது இயந்திரங்கள் போட்டு மேம்படுத்தியிருக்கிறார்கள். பக்கத்து ஐடிஐயில் ரோபோ வந்திருக்கிறதா என்று கேட்டு, ஆசிரியரைப் பிடித்து ஒரு மணி நேரம் டீச் பெண்டன்ட்டை, அதாவது கைக்குப் புள்ளி சொல்லிக்கொடுக்கிற பெட்டியை, கையில் வாங்கிப் பாருங்கள்.

அதைப் பிடித்தால் ஒன்று தெரியும். பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அமுக்கிப் பிடித்தால்தான் கை நகரும். விட்டால் நிற்கும். பயந்துபோய் இறுக்கி நெரித்தாலும் நிற்கும். மனிதன் பயந்தால் கையை விடவும் செய்வான், இறுக்கவும் செய்வான் என்று தெரிந்து செய்த சுவிட்ச் அது. கற்றுக்கொடுக்கிற நிலையில் நொடிக்கு 250 மி.மீ. வேகத்துக்கு மேல் கை போகாது. முதல் நாள் எனக்கு உள்ளங்கை வேர்த்து அந்த சுவிட்ச் வழுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

சிமுலேஷன் எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்று. கணினியில் எல்லாக் கட்டையும் 12 செ.மீ. இருக்கும். தும்பு தம்பி, உங்கள் ஆலையில் இருக்கிறதா? இருநூறு கட்டையை ஸ்கேல் வைத்து அளந்து போடுங்கள். அளக்காமல் கை வாங்க வேண்டாம்.

வேளிமலை

இன்னொன்றும் கவனித்தேன். செங்கல் கட்டும்போது மேல் வரிசைச் செங்கல் கீழ் வரிசை இணைப்பின் மேல் உட்காரும். பெட்டி அடுக்கும்போதும் ஓர் அடுக்கை நீளவாக்கில், அடுத்ததைக் குறுக்குவாக்கில் மாற்றிப் போட்டுப் பிணைப்பார்கள். உங்கள் கட்டை சதுரம். எப்படித் திருப்பினாலும் 4க்கு 3தான், அதே இடத்தில் அதே கட்டை. அதாவது நீங்கள் அடுக்குவது ஒரு சுவர் கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற 12 தனித்தனித் தூண். ஒரு தூண் சாய்ந்தால் அடுத்ததும் சாயும்.

ஈத்தாமொழி_தும்பு

அதனால்தான் நான்கு அடுக்குக்கு ஒரு அட்டை விரிப்பும், நான்கு மூலைக்கும் மூலை அட்டையும், மேலே பிளாஸ்டிக் சுற்றும் போடுகிறோம். அப்படியும் போன வருடம் ஒரு பேலட் தூத்துக்குடி போகிற வழியிலேயே சாய்ந்துவிட்டது. அளந்துவிட்டு வருகிறேன்.

*(பன்னிரண்டு நாள் கழித்து)*

ஈத்தாமொழி_தும்பு

அளந்தேன். 200 கட்டை, மூன்று பிரஸ்ஸிலிருந்தும். காலையில் 100, மதியத்துக்கு மேல் 100. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உயரம் 11.6 செ.மீ. முதல் 13.4 செ.மீ. வரை. முதல் பிரஸ்ஸும் இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் வருகிற கட்டை ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. கட்டையைத் தரையில் வைத்தால் ஆடுகிறது. காலையில் அழுத்தியது மதியத்துக்குள் மேலும் கொஞ்சம் ஊதுகிறது. அன்றைக்கு வானம் வேறு மூடிக் கிடந்தது.

ஒரகடம்_தக்கலைக்காரன்

பார்த்தீர்களா? ஓர் அடுக்குக்கு 1 செ.மீ. வித்தியாசம் என்றால் பதினெட்டாவது அடுக்கில் 18 செ.மீ. கைக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது 12. பதினைந்தாவது அடுக்கு 1.8 மீட்டரில் முடியும் என்று நம்பி அது இறங்கும், அங்கே ஏற்கெனவே கட்டை இருக்கும். ஒன்று இடித்து நிற்கும், இல்லையென்றால் தூணைத் தள்ளிவிடும். அக்கா கண்ணால் பார்த்து, ஆடுகிற கட்டையைத் திருப்பிப் போட்டு, உயரக் கட்டையைத் தாழ்ந்த இடத்தில் வைத்து, உங்கள் மூன்றாவது பிரஸ்ஸின் குற்றத்தை இத்தனை நாள் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வேலைக்கு நீங்கள் கூலி கொடுக்கவில்லை, ஏனென்றால் அது நடப்பதே உங்களுக்குத் தெரியாது.

இதற்கும் வழி உண்டு. லேசர் வைத்து ஒவ்வொரு அடுக்கின் உயரத்தையும் அளந்து இறங்கச் சொல்லலாம். அல்லது தொட்டவுடன் நிற்கச் சொல்லலாம், கோபாட்டுக்கு அது வரும். ஆனால் முதலில் பிரஸ்ஸைப் பாருங்கள். அச்சுப் பெட்டியின் உள்தகடு தேய்ந்திருக்கும், அல்லது தூளை வாரிப் போடுகிற இடத்தில் ஒரு பக்கம் அதிகம் விழும். உலர்த்தலில் ஈரத்தையும் பாருங்கள், ஈரம் கூடினால் கட்டை அழுத்தத்திலிருந்து வெளியே வந்ததும் ஊதும்.

அண்டியாபீஸ்_மகள்

'அந்த வேலைக்குக் கூலி கொடுக்கவில்லை.' இதை எங்கள் முதலாளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

ஈத்தாமொழி_தும்பு

உள்தகடு தேய்ந்துதான் இருந்தது, மாற்றக் கொடுத்திருக்கிறேன். இதற்கிடையில் இன்னொருவர் பழைய கை ஒன்று இருக்கிறது என்கிறார். மஞ்சள் நிறம், நான்கு அச்சு (நான்கு மூட்டில் திரும்பும்), பேலட் அடுக்குவதற்கென்றே உள்ளது. ஏதோ ஒரு ஆலையில் கழற்றியதாம். கண்ட்ரோலரோடு 9 லட்சம்.

ஒரகடம்_தக்கலைக்காரன்

நான்கு அச்சுக் கை உங்கள் வேலைக்குச் சரியான ஜாதி. அதில் இணைகரம் மாதிரி கம்பிகள் இருக்கும், கை எப்படிப் போனாலும் நுனி தரைக்கு இணையாகவே நிற்கும். ஒரே தடவையில் ஒரு வரிசை நான்கு கட்டையைத் தூக்கலாம். புதிதாக வாங்கினால் ஏபிபியின் ஐஆர்பி 460 மாதிரி: 110 கிலோ, 2.4 மீட்டர், மணிக்கு 2,190 சுற்று வரை என்று கம்பெனியே போட்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது மணிக்கு 60 சுற்று. மாட்டு வண்டி வேலைக்கு ரயில் இன்ஜின்.

பழையது வாங்குவதென்றால் கண்ட்ரோலரை ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அடுத்து பேட்டரி. மஞ்சள் ஜப்பான் கைகளில் அடிப்பாகத்தில் டார்ச்சுக்குப் போடுகிற பெரிய செல் நான்கு இருக்கும். கரண்ட் இல்லாதபோது ஒவ்வொரு மூட்டும் எங்கே நிற்கிறது என்ற நினைவு அந்தச் செல்லில்தான். வருடம் ஒரு தடவை மாற்ற வேண்டும், அதுவும் கரண்ட் இருக்கும்போதே. ஒரு பிஸ்கட் ஆலையில் ஒரு புண்ணியவான் மெயினை அணைத்துவிட்டு நிதானமாகச் செல்லைக் கழற்றினார். கைக்குத் தான் யார் என்றே மறந்துவிட்டது. எல்லா மூட்டையும் குறிக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தித் திரும்பச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றரை நாள். அதற்குள் பிஸ்கட் கூரை வரை ஏறிவிட்டது.

உங்கள் ஊரில் இன்னும் இரண்டு சேரும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் வாங்குகிற கடலோரம், உப்புக் காற்று. அப்புறம் நார்த்தூள். கண்ட்ரோலர்ப் பெட்டியின் விசிறி தூளை உள்ளே இழுத்துச் சர்க்யூட் மேல் போர்வை போட்டுவிடும். பெட்டியைத் தனி அறையில் வைத்து, வடிகட்டிய காற்றை உள்ளே தள்ள வேண்டும். அந்தத் தூள் எரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலி கண்டிப்பாக வேண்டும். கதவைத் திறந்தால் கை நிற்க வேண்டும். கோபாட்டாக இருந்தாலும் 'வேலி வேண்டாம்' என்பதை அப்படியே நம்பாதீர்கள். 2016இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற வழிகாட்டி, ஆள் மேல் பட்டால் எந்த உறுப்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறது. பார்க்க வேண்டியது கையை மட்டும் இல்லை, நுனியில் இருக்கிற கிரிப்பரையும் அது பிடித்திருக்கிற பொருளையும் சேர்த்து. ஊசி கிரிப்பரைத் தலை உயரத்தில் வீசுகிற கை எப்படி ஆளோடு சேர்ந்து வேலை செய்யும்?

1979 ஜனவரி 25, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வார்ப்பு ஆலை. பொருள் எடுத்துக் கொடுக்கிற இயந்திரம் சரியாகக் கொடுக்கவில்லை என்று இருபத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவர் அடுக்குக்குள் ஏறி, தானே எடுக்கப் போனார். பின்னாலிருந்து இயந்திரக் கை தலையில் அடித்தது. ரோபோவால் இறந்த முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்வார்கள். கை கெட்டுப்போய் அவரை அடிக்கவில்லை. அது தன் வேலையைச் செய்தது.

சும்மாடு

இதைப் படித்த பிறகு நானே கேட்கிறேன். கை இல்லாமல் அந்த இடுப்பு வலிக்கு வழி இல்லையா? சந்தையில் லாரிப் பலகை உயரத்துக்குத் திண்ணை கட்டிய பிறகு எங்களுக்குப் பாதி வேலை குறைந்தது. தூக்குவதைவிடத் தள்ளுவது சுலபம்.

அண்டியாபீஸ்_மகள்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் அண்ணாச்சி. கீழ் நான்கு, மேல் ஆறு. அந்தப் பத்து அடுக்கையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். பேலட்டே ஏறி இறங்கினால்?

ஒரகடம்_தக்கலைக்காரன்

கத்திரி லிஃப்ட். ஹைட்ராலிக் மேசை, 2 டன். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் ஒரு மிதி மிதித்தால் ஓர் அடுக்கு இறங்கும். மேலே சுற்றுகிற தட்டு வைத்தால் தூர மூலைக்கு எட்டிப் போட வேண்டியதில்லை. எங்கள் ஆலையில் ரோபோ இருக்கிற லைன்களைவிட இது இருக்கிற லைன்கள்தான் அதிகம். இதற்கு வீடியோ யாரும் போடுவதில்லை. தரையில் பள்ளம் எடுத்து இறக்கி வைப்பார்கள்.

ஈத்தாமொழி_தும்பு

பள்ளமா? எங்கள் ஊரில் மழைக்காலத்தில் மூன்று அடி தோண்டினால் தவளை சத்தம் போடும் அண்ணே.

*(இரண்டரை மாதம் கழித்து)*

ஈத்தாமொழி_தும்பு

இழையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். செய்ததைச் சொல்கிறேன்.

பள்ளம் எடுக்கவில்லை, மேடை கட்டினோம். 1.1 மீட்டர் உயரம், மூன்று பக்கம், நடுவில் லிஃப்ட் தரையிலேயே நிற்கிறது. நான்காவது பக்கம் திறந்து கிடக்கிறது, ஃபோர்க்லிஃப்ட் நேராக வந்து பேலட்டை எடுத்துக்கொள்ளும். லிஃப்ட் 1.2 மீட்டர் ஏறும். கீழே முழுக்க இறங்கினால் 25 செ.மீ. அக்காமார் மேடையில் நிற்கிறார்கள். முதல் அடுக்கு முழங்கால் மட்டத்தில், கடைசி அடுக்கு தோள் மட்டத்தில். கவிழ்த்த பேலட்டில் ஏறுவது நின்றுவிட்டது. பிரஸ்ஸிலிருந்து மேடைக்குக் கட்டை ஏற ஒரு சாய்வு கன்வேயர். பாதுகாப்புக்குக் கம்பி போட்டிருக்கிறது. மொத்தச் செலவு ரோபோ கொட்டேஷனில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மூன்றாவது பிரஸ்ஸின் தகடு மாற்றியாயிற்று. மறுபடி 200 கட்டை அளந்தேன், இந்தத் தடவை மூத்த அக்காதான் ஸ்கேலைப் பிடித்தார். வித்தியாசம் 5 மி.மீ.க்குள் வந்துவிட்டது. ஆடுகிற கட்டை வந்தால் அடுக்காமல் ஓரமாக வைத்து எண்ணச் சொல்லியிருக்கிறேன். நேற்று ஏழு.

கை இப்போதைக்கு வாங்கவில்லை. வாங்கவே மாட்டேன் என்றும் இல்லை. மேடையில் ஒரு மூலையில் தனியாகக் கான்கிரீட் போட்டு, போல்ட் விட்டு வைத்திருக்கிறேன், ஒரகடம் அண்ணன் போனில் சொன்ன அளவில். ஒடிசாப் பையன் திரும்பி வந்துவிட்டான், மனைவியையும் கூட்டிக்கொண்டு.

கோணம்_பாலிடெக்னிக்

அண்ணா, புது அளவை வைத்து சிமுலேஷன் ஓட்டினேன். நான்கு அச்சுக் கை, வரிசைக்கு நான்கு கட்டை. ஒரு பேலட்டுக்கு 54 சுற்று, பதினைந்து நிமிடத்துக்குள் முடிகிறது. ஆனால் உங்கள் பிரஸ் 216 கட்டை கொடுக்க 54 நிமிடம் ஆகும். மிச்ச நேரம் கை சும்மா நிற்கிறது. நான் ஏதாவது தப்புச் செய்தேனா?

ஒரகடம்_தக்கலைக்காரன்

தப்பு இல்லை தம்பி. ப்ராஜெக்டில் அப்படியே எழுதுங்கள்.

சும்மாடு

படம் பார்த்தேன், மேடை நன்றாக இருக்கிறது. அந்தச் சாய்வு கன்வேயரின் அடியில் பெல்ட் திரும்புகிற உருளைக்கு மூடி இருக்கிறதா? படத்தில் தெரியவில்லை.

ஈத்தாமொழி_தும்பு

இல்லை அண்ணாச்சி. வருகிற திங்கள்கிழமை வெல்டர் வருகிறார், சொல்லிப் போட்டுவிடுகிறேன்.

ஒரகடம்_தக்கலைக்காரன்

திங்கள்கிழமை வேண்டாம். முந்தானையும் தலைமுடியும் முதலில் போகிற இடம் அதுதான். மெயினை இறக்கிவிட்டு, இன்றைக்கே ஒரு தகரத்தையாவது வளைத்துக் கட்டுங்கள்.

ஈத்தாமொழி_தும்பு

கட்டியாயிற்று. படம் கீழே. தகரம் பழைய சைன்போர்டு, எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.